எந்த லினக்ஸ் நல்ல லினக்ஸ்?

திண்டுக்கல்லுக்குப் போய்ப் பூட்டு வாங்கியிருக்கிறீர்களா? நாகல் நகர் பக்கம் பழைய கடை ஏதாவது ஒன்றில் நின்று, "நல்ல பூட்டா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உடனே எடுத்துத் தர மாட்டார். "எதுக்குங்க? வாசக் கதவுக்கா, பீரோவுக்கா, குடோனுக்கா?" என்று திருப்பிக் கேட்பார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. கையால் செய்கிற ஆட்கள் இன்றைக்குக் குறைந்துவிட்டார்கள். ஆனால் அந்தத் திருப்பிக் கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பொதுவாக ‘நல்ல பூட்டு’ என்று ஒன்று கிடையாது. இன்ன கதவுக்கு நல்ல பூட்டு என்றுதான் உண்டு.

கம்ப்யூட்டர் உலகத்தில் இப்படித் திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. "நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேஷன் கத்துக்கணும் சார், எந்த லினக்ஸ் நல்லது?" என்று ஒரு பையன் கேட்டால் போதும். பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். டெபியன் என்பார் ஒருவர். உபுண்டு என்பார் இன்னொருவர். ராக்கி, ஆல்மா, ஃபெடோரா, சூசே, ஆர்ச்... பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். பையன் இதைப் பற்றி ஒரு மாதம் படிப்பான். பிறகு இன்னொரு மாதம். மூன்றாவது மாதம் பார்த்தால் எல்லா லினக்ஸ் பற்றியும் பேசத் தெரிந்திருக்கும். ஒன்றையாவது உருப்படியாக இயக்கத் தெரிந்திருக்காது.

"இது டெக்னிக்கல் சமாசாரம். இதில் தத்துவம், தர்மம் எல்லாம் எங்கே வந்தது?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். வரும்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியிலோ, ஆஸ்பத்திரியிலோ, கலெக்டர் ஆபீஸிலோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு தடைபடாமல் பார்த்துக்கொள்பவர் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர். அவர் கையாளும் பெரிய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. லினக்ஸ் என்பது 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் எழுத ஆரம்பித்த மையப்பகுதி. அதோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தருகிற மூட்டைக்குத்தான் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்று பெயர். பையன்கள் வாயில் ‘டிஸ்ட்ரோ’.

இத்தனை டிஸ்ட்ரோ எங்கிருந்து வந்தன? அதற்கு சிறுமலை வாழையைப் பார்த்தால் போதும். மலைவாழையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய் மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றை எடுத்து வேறு இடத்தில் நடுகிறோம். மரம் வேறு, குணம் அதே. லினக்ஸிலும் அப்படியே. 1993-ல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் ஒரு தாய் மரம். அதன் கன்று 2004-ல் வந்த உபுண்டு. உபுண்டுவின் கன்று மின்ட். சென்னை சி-டாக் உருவாக்கிய நம் ஊர் ‘பாஸ்’ லினக்ஸும் டெபியன் கன்றுதான். இன்னொரு தாய் மரம் ரெட் ஹாட். அதன் பக்கத்தில் முளைத்தவை சென்ட் ஓஎஸ், ராக்கி, ஆல்மா. ஆக, நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். வேலைக்குப் போகும் இடத்தில் பெரும்பாலும் எதிர்ப்படப் போவது இந்த இரண்டு குடும்பங்கள்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. புதிய மென்பொருளை நிறுவ ஒன்றில் ‘ஆப்ட்’ என்று தட்ட வேண்டும், மற்றதில் ‘டி.என்.எஃப்’. நெட்வொர்க் விவரங்களை எழுதி வைக்கும் கோப்பு ஒன்றில் ஓர் இடத்தில் இருக்கும், மற்றதில் வேறு இடத்தில். ஒரு மளிகைக் கடையில் கல்லாப்பெட்டி வாசலில், இன்னொன்றில் உள்ளே தள்ளி. கடை மாறினால் பழகிக்கொள்ள நாலைந்து நாள் ஆகும். வியாபாரம் ஒன்றுதான்.

நெட்வொர்க்கின் விதிகளோ லினக்ஸைவிட வயதில் மூத்தவை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் ஐபி விதிமுறை 1981-ல் எழுதப்பட்டது. பெயரைச் சொன்னால் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டி.என்.எஸ். ஏற்பாடு இன்றும் 1987-ல் எழுதிய அடிப்படை விதிகளின் மேல்தான் நிற்கிறது. டெபியனுக்கு ஒரு டி.என்.எஸ்., ரெட் ஹாட்டுக்கு ஒரு டி.என்.எஸ். என்று கிடையாது.

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் இது டேலி விவகாரம். "டேலி தெரியுமா?" என்று கேட்டுத்தான் நம் ஊரில் கணக்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். டேலியில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று சில பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆனால் கடன் வாங்கினால் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா என்று கேட்டால் விழிப்பார்கள். பற்று வரவு தெரிந்தவர் டேலியின் புதிய பதிப்பு வந்தால் ஒரு வாரத்தில் சமாளித்துவிடுவார். பொத்தான் மட்டும் தெரிந்தவருக்குப் பொத்தான் இடம் மாறினால் பிழைப்பே ஆட்டம் காணும். லினக்ஸிலும் நெட்வொர்க் நிலவரம் பார்க்க ‘ஐஎஃப்கான்ஃபிக்’ என்ற கட்டளையைத்தான் பல வருடம் மனப்பாடம் செய்தார்கள். இப்போது அது ஓரம் கட்டப்பட்டு ‘ஐபி’ என்ற கட்டளை வந்துவிட்டது. முகவரி என்றால் என்ன, பாதை என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு இது ஒரு மத்தியான வேலை.

சரி, எது எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது. பிறகு ஏன் நல்ல மூளையுள்ள பிள்ளைகள் மாதக்கணக்கில் தேர்வு செய்துகொண்டே இருக்கிறார்கள்?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1978-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் சொன்னது. எல்லா வாய்ப்புகளையும் ஆராய்ந்து மிகச் சிறந்ததை எடுக்க மனிதனால் முடியாது; அதற்கான நேரமும் இல்லை, தகவலும் இல்லை; ஆகவே தேவைக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்துகிறவன்தான் புத்திசாலி என்பது அவர் கருத்தின் சாரம். தேடலுக்கும் செலவு உண்டு. அந்த மூன்று மாதத்தில் பையன் என்ன கற்றிருக்கலாமோ அதுதான் அந்தச் செலவு. ரசீது கிடையாது என்பதால் கண்ணில் படுவதில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "காசு இருக்கிறவன் பத்து வழி போய்ப் பார்ப்பான் சார். எங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். படிச்சு முடிச்சு ஆறு மாசத்துக்குள்ள பெங்களூர்லயோ சென்னையிலயோ வேலை கிடைக்கலைன்னா வீட்ல பதில் சொல்ல முடியாது. தப்பா எடுத்துட்டா?" சிறுமலை அடிவாரத்து கிராமத்திலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு வந்து படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். யோசிக்காமல் குதி என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் எல்லாத் தேர்வும் ஒரே ஜாதி இல்லை. திண்டுக்கல் டவுனுக்குள் வண்டி ஓட்டும்போது தப்பான தெருவில் நுழைந்துவிட்டால் அடுத்த முக்கில் திருப்பிக்கொள்ளலாம். சிறுமலை ஏறும்போது அது நடக்காது. 18 கொண்டை ஊசி வளைவு. நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. வாழ்க்கையிலும் சில முடிவுகள் மலைப்பாதை. நிலத்தை விற்று ஃபீஸ் கட்டுவது, கல்யாணம், பெரிய கடன். அங்கே நின்று, நாலு பேரிடம் கேட்டு, நிதானமாகத்தான் போக வேண்டும். லினக்ஸ் டிஸ்ட்ரோ தேர்வு டவுன் தெரு. டவுன்லோடு இலவசம். நிறுவ ஒரு மணி நேரம் போதும். பிடிக்கவில்லையென்றால் நாளைக்கு மாற்றலாம். சமவெளியில் போகிற வண்டியை மலைப்பாதை வேகத்தில் ஓட்டுவதுதான் ஏழைப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகாத செலவு.

இதெல்லாம் சொன்ன பிறகும் பையன் தயங்குவான். ஏன் தெரியுமா? அவன் உண்மையில் தேடுவது நல்ல லினக்ஸை அல்ல என்பது என் சந்தேகம். அவன் தேடுவது ஒரு உத்தரவாதம். "இதை எடு, வீண் போகாது" என்று யாராவது சொல்ல வேண்டும். வீண் போய்விட்டால், "அவர்தான் சொன்னார்" என்று கை காட்ட ஓர் ஆள் வேண்டும். பொறியியல் கலந்தாய்வு சீசனில் பாருங்கள். எந்தக் காலேஜ், எந்தக் குரூப் என்று தெருவில் போகிறவரிடம் எல்லாம் கேட்போம். தகவல் வேண்டும் என்பது பாதிக் காரணம். நாளைக்கு ஏதாவது ஆனால் பழியைப் பங்கு போட ஆள் வேண்டும் என்பது மீதி. தர்மம் இங்கேதான் உள்ளே வருகிறது. தேர்ந்தெடுப்பது என்றால் அதற்குப் பிறகு நடப்பது என் பொறுப்பு என்று ஒப்புக்கொள்வது. ஓயாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பது அந்த ஒப்புதலைத் தள்ளிப்போடுகிற மரியாதையான வழி.

உத்தரவாதம் கிடைக்குமா என்றால், லினக்ஸின் சரித்திரமே கிடைக்காது என்கிறது.

சென்ட் ஓஎஸ் கதையைக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ரெட் ஹாட்டுக்கு இலவச நகல் மாதிரி இருந்தது அது. வருடக்கணக்கில் எல்லோரும் மாணவர்களுக்குச் சொன்ன பாதுகாப்பான பதில் "சென்ட் ஓஎஸ் போடு" என்பதுதான். 2019 செப்டம்பரில் எட்டாவது பதிப்பு வந்தபோது 2029 வரை ஆதரவு உண்டு என்ற நம்பிக்கையில் உலகமெங்கும் நிறுவினார்கள். 2020 டிசம்பர் 8-ம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. எட்டாவது பதிப்புக்கு ஆதரவு 2021 கடைசியோடு சரி! எட்டு வருடம் ஒரே அறிவிப்பில் காலி. அந்தக் காலி இடத்தில்தான் 2021-ல் ஆல்மாவும் ராக்கியும் முளைத்தன.

நம் மாநிலத்திலேயே இன்னொரு உதாரணம். 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முயற்சியில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசு அலுவலகங்களுக்கும் அதைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். துணிச்சலான முடிவு. அப்போது சூசே நோவெல் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2011-ல் அது அட்டாச்மேட் கைக்குப் போனது. 2014-ல் மைக்ரோ ஃபோக்கஸ். 2019-ல் ஈ.க்யூ.டி. என்ற ஸ்வீடன் முதலீட்டு நிறுவனம். ரெட் ஹாட்டையும் அதே 2019-ல் 3,400 கோடி டாலர் கொடுத்து ஐ.பி.எம். வாங்கிவிட்டது. அரசாங்கம் தேர்ந்தெடுத்தாலும் சரி, நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் சரி, மூட்டையின் சொந்தக்காரர் மாறிக்கொண்டேதான் இருப்பார். அன்றைக்கு சூசேயில் உட்கார்ந்து நெட்வொர்க் ஒழுங்காகக் கற்றவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கற்றதை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது.

அதற்காக எல்லாமே ஒன்று என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தவறான தேர்வும் இருக்கிறது. காலி லினக்ஸ் என்று ஒன்று. அடுத்தவர் நெட்வொர்க்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சோதிக்கும் கருவிகள் நிறைந்தது. பாதுகாப்புத் துறை நிபுணர்களுக்காகச் செய்தது. இது புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றதல்ல என்று செய்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் சினிமாவில் ஹேக்கர் வருகிறாரே, அந்த ஈர்ப்பில் பையன்கள் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள். பூட்டு செய்யக் கற்கும் முன் கள்ளச்சாவி போடக் கற்பது மாதிரி. ஹாஸ்டல் வைஃபையில் விளையாட்டுக்குச் செய்து பார்த்தேன் என்றால் சட்டம் சிரிக்காது. அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் தீய நோக்கத்தோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தை விடுங்கள். லினக்ஸில் ‘ரூட்’ என்று ஒரு கணக்கு உண்டு. சர்வ அதிகாரம். அதை வைத்திருப்பவர் எந்தக் கோப்பையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கையில் ஓர் அலுவலகமே ரூட் சாவியைக் கொடுத்துவைக்கிறது. அவர் யாருடைய மெயிலைப் படிக்கிறார், யாருடைய சம்பளத்தைப் பார்க்கிறார் என்று பல இடங்களில் கவனிக்க ஆள் கிடையாது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கத் தெரிந்த ஆசாரியின் தெருவில் ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது என்றால், அது பூட்டின் பலத்தால் மட்டும் இல்லை. எந்த டிஸ்ட்ரோ என்று மூன்று மாதம் யோசிக்கிற பிள்ளை, இந்தச் சாவி கையில் வந்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று மூன்று நிமிடம் யோசித்தால் நல்லது. அது டவுன் தெரு இல்லை. மலைப்பாதை.

பொறுப்பு என்றால் பிரசங்கம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது எவ்வளவு சின்ன விஷயத்தில் இருக்கிறது என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். தன் டெபியன் கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வழியாக நுழைய வழக்கத்தைவிட சுமார் அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடி! நீங்களும் நானும் "நெட் ஸ்லோ" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்.இஸட். என்ற சாதாரண மென்பொருளுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. வைத்தவர் ஒரு புனைபெயரில் வருடக்கணக்காக உழைத்து நம்பிக்கை சம்பாதித்து உள்ளே வந்தவர். டெபியன், ஃபெடோரா இரண்டின் சோதனைப் பதிப்புகளிலும் அது ஏற்கெனவே நுழைந்துவிட்டது. மலைவாழையில் முடிக்கொத்து நோய் கன்றோடு கன்றாகப் போய்த் தோட்டங்களை அழித்ததே, அதே வழி. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் உலகத்து சர்வர்களில் கணிசமானவை திறந்த வீடாகியிருக்கும்.

இங்கே காப்பாற்றியது டிஸ்ட்ரோவா? இரண்டு பெரிய குடும்பங்களும் ஏமாந்துதான் போயின. தன் முன்னால் நடந்த ஒரு சின்னக் கோணலை "என் வேலை இல்லை" என்று தள்ளாத ஒரு மனிதர் காப்பாற்றினார்.

சரி, கடைசியில் பையனுக்கு என்னதான் பதில்? பூட்டுக் கடைக்காரர் மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறேன். "எதுக்குப்பா?" நெட்வொர்க் கற்க என்றால், டெபியன் எடு. ரெட் ஹாட் சான்றிதழ் பரீட்சை எழுதும் எண்ணம் இருந்தால் ராக்கி அல்லது ஆல்மா எடு. இதை முடிவு செய்ய இன்று சாயங்காலம் வரை நேரம். ஆறு மாதம் மாற்றாதே.

பிறகு வேலை. பழைய கம்ப்யூட்டரே போதும். வர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் படம், ஜன்னல் எதுவும் இல்லாத, எழுத்து மட்டும் தெரியும் மூன்று லினக்ஸ் கம்ப்யூட்டர்களை உருவாக்கு. நடுவில் இருப்பதை ரூட்டர் ஆக்கு. இந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்து கம்ப்யூட்டரோடு பேசுகிறதா பார். முதல் நாள் பேசாது. ஏன் என்று கண்டுபிடி. பேசியதும், தானாக முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அமை. பிறகு டி.என்.எஸ். பிறகு ஃபயர்வால். எல்லாம் ஓடியதும் வேண்டுமென்றே ஒன்றைக் கெடு. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து சரி செய். அது உன் சொந்த நெட்வொர்க். உடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் நெட்வொர்க் படுத்துவிட்டு, நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது அங்கே உடைத்துக் கற்க முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். என்றைக்கு என்ன மாற்றினேன், என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று தேதி போட்டு எழுது. கணக்குப் பதிவில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. கீழே பிழைதிருத்தப் பதிவு போட வேண்டும். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும், யார் செய்தது என்றும் தெரியும். ஆறு மாதத்தில் அந்த நோட்டு நிரம்பியிருந்தால், வேலைக்கு எடுக்கிறவர் உன்னிடம் எந்த லினக்ஸ் என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அடுத்த கேள்வி, "அது படுத்தப்ப நீ என்ன செஞ்சே?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நோட்டில் பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.